ஈரத்தை விட்டுவிட்டு வண்டலைத் தேடுங்கள்: மலைக்கு வந்து சேரும் வெள்ள வண்டிகள்

ஊட்டியிலோ குன்னூரிலோ பழைய கார் வாங்கப் போகிறவரிடம் "வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "மலை மேலே ஏதுங்க வெள்ளம்?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வெள்ளம் மலை ஏறாதுதான். ஆனால் சமவெளியில் வெள்ளத்தில் நின்ற வண்டி, கழுவித் துடைத்து பாலிஷ் போட்டுக்கொண்டு, பர்லியார் வழியாக நன்றாகவே மலை ஏறி வரும்.

நீலகிரிக்கு மழை புதிதல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் மலைச் சரிவில் தண்ணீர் ஓடிவிடும். மண் சரியும், மரம் விழும், ரோடு அறுந்து போகும். ஒரு கார் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறிக்கொண்டு நிற்பதை நாம் அதிகம் பார்த்ததில்லை. அதனால் அப்படி ஊறிய வண்டிக்குப் பிறகு என்ன ஆகும் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது.

சமவெளிக்காரர்களுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் முதலில் சென்னையும் இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, நெல்லையும், 2024 டிசம்பரில் ஊத்தங்கரை என்று வரிசையாகப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அவை எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை.

எது வெள்ள வண்டி?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மழையில் நனைந்த வண்டி எல்லாம் வெள்ள வண்டி ஆகாது. தேங்கிய தண்ணீரை ஒரு தடவை மெதுவாகக் கடந்து வந்த வண்டியும் ஆகாது. காருக்குள்ளே, நாம் கால் வைக்கும் தரைக்கு மேல் தண்ணீர் ஏறிச் சில மணி நேரமாவது நின்றிருந்தால்தான் அது வெள்ள வண்டி.

எவ்வளவு உயரம் ஏறியது என்பதைப் பொறுத்து கெடுதல் மாறும். கார்பெட் மட்டும் நனைந்ததென்றால் ஒரு நிலை. சீட் வரை ஏறினால் அதைவிட மோசம். டேஷ்போர்டைத் தொட்டிருந்தால் அந்த வண்டியை யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. தண்ணீரின் தன்மையும் முக்கியம். கடலோர ஊர்களின் உப்புத் தண்ணீரும், சாக்கடை கலந்த நகரத்துத் தண்ணீரும் வெறும் மழைத் தண்ணீரைவிடப் பல மடங்கு கெடுதல் செய்யும்.

"இன்ஜினுக்குள்ள தண்ணி போகலைங்க"

வெள்ளம் என்றதும் எல்லோரும் இன்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஊசி மாட்டாத ஒரு சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். கொஞ்சம் உள்ளே போகும். அதே சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி அழுத்துங்கள். அசையாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. இன்ஜின் சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர் போனாலும் இதேதான் நடக்கும். மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும், அதைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளையும். இதற்கு ஹைட்ரோ லாக் என்று பெயர்.

ஆனால் தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கிற, அல்லது தண்ணீரில் நிற்கும்போது யாராவது ஸ்டார்ட் செய்கிற வண்டிக்குத்தான் இது நடக்கும். நடந்தாலும் இன்ஜினை இறக்கிப் பிரித்துச் சரி செய்ய முடியும். எனவே விற்பவர் "இன்ஜினுக்குள்ள தண்ணி போகலைங்க" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்த ஒரு பதிலில் திருப்தி அடைந்து நாம் நிறுத்திக்கொள்வதுதான் தவறு. பெரிய கெடுதல் இன்ஜினில் இல்லை, ஒயரில் இருக்கிறது.

ஒயரும் ஒரு திரிதான்

குத்துவிளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. திரியின் நூல்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளி எண்ணெயைத் தானாக மேலே இழுத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்போம்.

காரின் ஒயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒற்றைக் கம்பி இருக்காது. முடி மாதிரிப் பல செம்பு இழைகள் சேர்ந்து முறுக்கியிருக்கும், மேலே பிளாஸ்டிக் உறை. திரியின் அமைப்புதான் இதற்கும். பெரும்பாலான கார்களில் ஒயரிங் கட்டின் ஒரு பகுதி கார்பெட்டுக்கு அடியிலும் கதவுப் படியின் ஓரமாகவும் ஓடுகிறது. கனெக்டர் வழியாகவோ, உறை உரசிப்போன இடத்தின் வழியாகவோ தண்ணீர் நுழைந்தால், இழைகளுக்கு நடுவே ஊர்ந்து வெள்ள மட்டத்துக்கு மேலேயும் போய்ச் சேரும். கார்பெட்டைக் கழற்றி வெயிலில் போடலாம். பிளாஸ்டிக் உறைக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் லேசில் காயாது.

அப்புறம் அரிப்பு தொடங்கும். ஒரு கனெக்டருக்குள் இரண்டு பின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 12 வோல்ட், இன்னொன்று எர்த். நடுவில் உப்பும் சேறும் கலந்த ஈரப் படலம். அதன் வழியே மின்சாரம் துளித்துளியாகக் கசியும். கசியும்போது ஒரு பின்னின் உலோகம் கரைந்து பச்சைப் பொடியாகப் பூக்கும். இதுதான் மின்னரிப்பு. பேட்டரியை உள்ளேயே மறந்து விட்ட பழைய டார்ச்சைத் திறந்தால் ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார் நின்றுகொண்டிருந்தாலும் பேட்டரி இணைப்பில்தான் இருக்கிறது, ஆகவே இந்த வேலை இரவு பகலாக நடக்கும்.

ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பல கார்களில் கியர் லிவரை ஒட்டித் தரையோடு தரையாகவே பொருத்தப்பட்டிருக்கும். முதலில் நனைகிறவற்றில் அதுவும் ஒன்று. விபத்து நடக்கும் அந்த ஒரு நொடியில் அது வேலை செய்யுமா என்று முன்கூட்டியே பார்த்துவிட யாராலும் முடியாது.

இதுவரை வந்த இடம் இது: வண்டி காய்ந்த பிறகும் ஒயருக்குள் ஈரமும் உப்பும் தங்கும், அவை மெல்ல மெல்ல இணைப்புகளைத் தின்னும். வாங்கும் நாளில் எல்லாமே நன்றாக ஓடும் என்பதால்தான் இதைப் பிடிப்பது கஷ்டம்.

குன்னூர் உப்பு ஜாடி

மலைக்கு வந்ததும் இந்தக் கெடுதல் ஏன் வேகம் பிடிக்கிறது என்பதற்கு உங்கள் சமையலறையே சாட்சி. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி வீடுகளில் உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு கசிந்து நீர்விட்டிருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பே உறிஞ்சிக்கொள்கிறது.

வெள்ள வண்டியின் கனெக்டருக்குள் தங்கிய உப்பும் இதையேதான் செய்கிறது. கோயம்புத்தூர் வெயிலில் அது காய்ந்து சும்மா கிடக்கும், வண்டியும் ஒழுங்காக ஓடும். மலையின் மூடுபனியில் இரண்டு வாரம் நின்றால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடியும் மின்சாரத்தைக் கசியவிடும்.

கோத்தகிரியில் எனக்கு வேண்டிய ஒருவர் சித்திரையில் சமவெளியிலிருந்து ஒரு கார் வாங்கி வந்தார். கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஹாரன் தானாக அடித்தது. மறுவாரம் பின் கண்ணாடி இறங்கி, ஏற மறுத்தது. பேட்டரியை மாற்றினார், ஹாரனை மாற்றினார். கடைசியில் பட்டறையில் ஒரு பெரியவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். நாம் தினமும் இழுக்கும் நீளம் வரை பெல்ட் கறுப்பாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு டீத்தண்ணீர் நிறத்தில் கறை, அதன் ஓரத்தில் நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு. விரலால் தேய்த்தார். மாவு மாதிரி மண் ஒட்டியது. "தம்பி, இது நம்ம ஊரு மண்ணு இல்லை" என்று மட்டும் சொன்னார்.

இறக்கத்தில் பிரேக்

இதை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம், சமவெளிக்காரருக்கு இது சின்ன விஷயம், நமக்கு உயிர் விஷயம். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. பானெட் அளவுக்கு மூழ்கிய வண்டியில் தண்ணீர் நேராகவே அதில் கலந்திருக்கலாம். புதிய டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்தத் தரத்தின் வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்துப் பிரேக்கில் சூடு ஏறும். ஆயிலில் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியானால் சிரிஞ்சு கதை தலைகீழாகிவிடும். ஆவி காற்றைப் போலச் சுருங்குவதால் பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. எந்தப் பழைய வண்டி வாங்கினாலும் முதல் வேலையாகப் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றிவிடுங்கள். வெள்ளச் சந்தேகம் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் ஒயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வண்டிகள் எப்படிச் சந்தைக்கு வருகின்றன?

இன்ஷூரன்ஸ் பாலிசியில் வண்டிக்கு ஒரு மதிப்புப் போட்டிருக்கும், அதை ஐ.டி.வி. என்பார்கள். பழுது பார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி டோட்டல் லாஸ். கம்பெனி உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும், வண்டி இருக்கிற நிலையிலேயே ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர் அதைப் பிரித்து உதிரிபாகமாக விற்கலாம். கழுவி, சீட் கவர் மாற்றி, ஓட வைத்தும் விற்கலாம்.

நிரந்தரமாகவே பயன்படாமல் போன வண்டி என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆனால் "ஓட வைக்க முடியும்" என்று ஒருவர் நினைக்கிற வண்டியின் ஆர்.சி. அப்படியே உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வெள்ளத்தில் சேதமான வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடுவார்கள். நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு கட்டம் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரே ஒரு கட்டம் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் காப்பாற்றும்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருந்தவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. அவர் தானே துடைத்துக் காயவைத்து விற்றுவிடுவார். அந்த வண்டிக்கு எந்தக் காகிதத்திலும் தடயம் இருக்காது. ஆகவே கண்ணால் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது.

எதைப் பார்ப்பது?

பொதுவாகச் சொல்லப்படும் அடையாளங்களில் பாதி நம் ஊரில் செல்லாது. வண்டிக்குள் பூஞ்சை வாடை வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். குன்னூரில் ஒரு மாதம் நிறுத்தி வைத்த எந்த வண்டியிலும் அந்த வாடை வரும். ஹெட்லைட்டுக்குள் நீர் கோத்திருக்கிறதா என்பார்கள். பனிக்காலத்தில் நல்ல வண்டியிலும் கோக்கும். சீட்டில் வெள்ளை பூத்திருப்பதும் அப்படித்தான். இவற்றை வைத்து நல்ல வண்டியைத் தள்ளிவிடவும் கூடாது, இவை இல்லை என்று கெட்ட வண்டியை நம்பிவிடவும் கூடாது.

மூடுபனி ஈரத்தைக் கொண்டுவரும், மண்ணைக் கொண்டுவராது. வெள்ளம் மண்ணைக் கொண்டுவந்தே தீரும். ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் வைத்தால் அடியில் வண்டல் படிகிற மாதிரி, காருக்குள் தண்ணீர் அசையாமல் நின்ற இடமெல்லாம் வண்டல் படியும். அதே மாதிரி, பனியால் பிடிக்கும் துரு மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும். வெள்ளத் துரு ஒரு மட்டத்துக்குக் கீழே மட்டும் இருக்கும். தேட வேண்டியது வண்டலையும் அந்த மட்டக் கோட்டையும்தான்.

ஐந்து சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள், முன்னால் இருப்பதை மாற்றியவர்கள் பின்னால் இருப்பதை மறந்திருப்பார்கள். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அது உட்காரும் குழியில் கையை விட்டுப் பாருங்கள். குழியின் மூலைகளிலும் ரப்பர் மூடியைச் சுற்றியும் மண் தங்கும். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்புப் பட்டையின் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தாலும் சந்தேகம், பத்து வருட வண்டியில் அவை மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம். போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட கீறல் இருந்தால் சீட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். கார்பெட் புதிதாகவும் பெடல் ரப்பர் தேய்ந்தும் இருந்தால் அதையும் கேளுங்கள்.

அப்புறம் கூச்சப்படாமல் கதவைத் திறந்து, டிரைவர் பக்கம் மல்லாந்து படுத்து டேஷ்போர்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாலிஷ் போடுகிறவர் கை அங்கே போகாது. இரும்புக் கிளாம்புகளில் கோடு கிழித்த மாதிரித் துரு, ஒயர் கட்டின் மடிப்பில் உலர்ந்த சேறு, ஃபியூஸ் பாக்ஸில் பச்சை, இவற்றில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒன்றும் இல்லாமல் ஒட்டடை படிந்த பழைய தூசி மட்டும் இருந்தால் அது நல்ல சேதி.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், பல்பைப் பிடுங்கியிருக்கலாம். கூடவே ஒரு மெக்கானிக்கை, வண்டியின் கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரோடு கூட்டிப் போங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து இடங்களில் மின்சாரக் கோளாறு என்று காட்டினால் பொதுவான காரணம் ஒன்று இருக்கிறது.

காகிதம்

டி.என். 43 என்று நீலகிரி நம்பர் இருப்பதால் அது மலையிலேயே ஓடிய வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். கேரளத்து வண்டியை இங்கே மாற்றிப் பதிந்தாலும் அந்த நம்பர்தான் கிடைக்கும். பழைய நம்பரையும் வண்டி முன்பு எந்த ஊரில் இருந்தது என்பதையும் கேளுங்கள். சேசிஸ் நம்பர் மாறாது. அதை வைத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பழைய வேலைப் பட்டியலை எடுத்துத் தரும்படி விற்பவரையே கேளுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும் வாங்கிப் பாருங்கள். கிளைம் எடுக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் நோ கிளைம் போனஸ் ஏறிக்கொண்டே போகும். ஒரே உரிமையாளர் பெயரில் 35 சதவீதம் இருந்தது, வெள்ளம் வந்த வருடத்துக்கு அடுத்து பூஜ்யமாகியிருந்தால் எதற்குக் கிளைம் எடுத்தார் என்று தெரிந்தாக வேண்டும்.

150 வருடத்துக்கு முந்தைய குதிரை

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் ஒரு குதிரை உதாரணம் இருக்கிறது. ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். நோய் அவருக்குத் தெரியும், ஆனால் எதுவும் சொல்லவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். பழைய வண்டி வாங்குகிற பலர் இது தெரியாமல்தான், "அவர் மறைச்சுட்டார், கேஸ் போடலாம்" என்று நம்புகிறார்கள்.

ஆனால் அதே பிரிவில் இன்னொரு உதாரணமும் உண்டு. வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார். விற்பவர் வாய் திறக்கவில்லை. இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம், அதாவது மோசடி. வாங்குபவர் அந்த ஒரு வார்த்தை கேட்டதால்தான் இந்த வித்தியாசம்.

19-ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. மௌனத்தால் ஏமாந்தவர், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. அதனால் மேலே சொன்னபடி பார்த்து, பார்த்ததைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாகவே வண்டி விற்கும் டீலரிடம் வாங்கி ஏமாந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 2 வருடத்துக்குள் போக வேண்டும். தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி கிடையாது. அப்போது கையில் இருப்பது நீங்கள் எழுதிக் கேட்ட கேள்வி மட்டும்தான்.

வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "உங்கள் வண்டியை வாங்க நினைக்கிறேன். இது எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா, உள்ளே தண்ணீர் ஏறியதா, டோட்டல் லாஸ் கிளைம் எடுத்ததா என்று சொல்லுங்கள். நீங்கள் மறுத்து எதுவும் சொல்லாவிட்டால், அப்படி எதுவும் நடக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறேன்." வண்டி நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். அவர் போனில் கூப்பிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று சொன்னால், "சரிங்க, அதையே ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க" என்று கேளுங்கள். அந்த வரி வந்து சேரும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.